அஞ்சு எட்டுக்குக் கீழே காட்டவே வேண்டாம்

அக்கா மகளுக்கு வரன் பார்க்கிற வேலை நாலு மாதமாக என் போனில் இருக்கும் கல்யாண ஆப்பில்தான் நடக்கிறது. ஞாயிறு காலையில் அக்கா நங்கநல்லூரிலிருந்து வந்துவிடுவாள். காபி ஆறுவதற்குள் பத்துப் பையன்களைத் தள்ளிவிட்டிருப்போம்.

"உயரம் அஞ்சு எட்டுக்குக் கீழ காட்டவே வேணாம்டி." இது அவள் போட்ட சட்டம். அத்தானே அஞ்சு அஞ்சுதான். அதை நான் சொல்லவில்லை.

போன வாரம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அந்த உயரக் கட்டத்தை ரெண்டு அங்குலம் இறக்கினேன். இருபத்துச் சொச்சமாக இருந்த வரன்கள் நூறைத் தாண்டிவிட்டன. அவர்களை நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. பார்த்ததே இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எலிசபெத் புரூக்கும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அமெரிக்க டேட்டிங் தளம் ஒன்றில் யார் யாருடைய பக்கத்தைத் திறந்தார்கள், யாருக்கு எழுதினார்கள் என்று அலசினார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து யாரும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. வயது, உயரம் என்று ஒன்றிரண்டை வைத்து முதலிலேயே பலரை ஒதுக்கிவிடுகிறார்கள். நிதானமெல்லாம் மிஞ்சியவர்களிடம்தான்.

சரி, அந்த உயரமாவது நிஜமா? 2008-இல் வெளியான இன்னொரு ஆய்வில், நியூயார்க்கில் டேட்டிங் தளம் பயன்படுத்தும் 80 பேரைக் கூப்பிட்டு டேப் வைத்து அளந்தார்கள், எடை பார்த்தார்கள், ஓட்டுநர் உரிமத்தில் வயதைச் சரிபார்த்தார்கள். 81 சதவீதம் பேர் ஏதோ ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தார்கள். பெரிய பொய் இல்லை. ஆண்கள் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள், பெண்கள் எடையைக் கொஞ்சம் இறக்கினார்கள். நம் ஊர் 'கோதுமை நிறம்' மாதிரி.

அதே ஆண்டு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஈஸ்ட்விக்கும் ஃபிங்கெலும் மாணவர்களை நாலு நாலு நிமிஷம் நேரில் பேசவைத்துப் பார்த்தார்கள். அழகு முக்கியம், சம்பாத்தியம் முக்கியம் என்று முன்கூட்டி எழுதிக் கொடுத்ததற்கும், எதிரே உட்கார்ந்தபோது பிடித்துப்போன ஆளுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை. எங்கள் பெண்ணைக் கேட்டால், "சிரிக்க வைக்கணும் சித்தி" என்பாள். அதை எங்கே போய் டிக் செய்வது?

இதையெல்லாம் மிஞ்சுவது ஜாதிக் கட்டம். மேற்கு வங்கப் பத்திரிகை மணவிளம்பரங்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வில், சொந்த ஜாதிக்குள் முடிப்பதற்காக மாப்பிள்ளையின் படிப்பைக்கூட விட்டுக்கொடுக்கப் பெண் வீட்டார் தயாராக இருந்தது தெரிந்தது. இங்கே மட்டும் என்ன? 'ஜாதி தடையில்லை' என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக' என்று சேர்க்கும் விளம்பரங்களைப் படித்தால் எனக்குக் குமட்டும். ஆனால் அக்கா போனை வாங்கிப் பார்ப்பாளே என்று அந்தக் கட்டத்தில் நான் கைவைக்கவில்லை. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

உயரத்தை இறக்கியதில் ஒரு பையன் வந்தான். அஞ்சு ஆறு. கிண்டியில் வேலை. எங்கள் பெண் அவனோடு ரெண்டு தரம் போனில் பேசி, ரெண்டு தரமும் சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்த ஞாயிறு வடபழனி முருகன் கோயிலில் பார்க்கப் போகிறோம். அக்காவிடம் உயரத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கோயில்னா செருப்பைக் கழட்டிட்டுத்தானே வருவான், சரியாத் தெரிஞ்சுடும்" என்றாள்.