பாடகர்கள் வெளிக்காட்டுக்குப் போய்விட்டார்கள்

மூன்று மாதமாக எங்கள் கிறிஸ்தவ சபையில் கீபோர்டு இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. யாரோ போனில் பாட்டைப் போட, நாங்கள் அதோடு சேர்ந்து பாடுகிறோம். சுதி சேருவதே இல்லை.

வாசித்துக்கொண்டிருந்த தம்பி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை அறுப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு ஒரு தடவை, ஞாயிறு காலை ஆராதனைக்கு ஒரு தடவை என்று பத்து வருஷம் மோட்டார் சைக்கிளில் வந்தார். கீபோர்டும் அவருடையதுதான். 1,800 வெள்ளி (ரிங்கிட்), மாதத் தவணையில் கட்டி வாங்கினார். சாவு வீடு என்றால் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வருவார். என் அப்பா இறந்தபோது இரண்டு இரவும் எங்கள் வாசலில் உட்கார்ந்து வாசித்தார். நாங்கள் கொடுத்தது சாப்பாடும் ஒரு நன்றியும்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் அவரைப் பட்டணத்தில் பார்த்தேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "கோவிச்சுக்கிட்டுப் போகலண்ணே. ஞாயித்துக்கிழம வேலைக்குப் போனா டபுள் சம்பளம். ரெண்டாவது புள்ள பொறந்திருக்கு" என்றார். சட்டப்படியே ஓய்வு நாளில் முழு நேரம் வேலை செய்யும் நாள்கூலியாளருக்கு இரண்டு நாள் சம்பளம் உண்டு. அதைத்தான் அவர் பத்து வருஷம் வாராவாரம் நமக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். அதை யாரும் காணிக்கைக் கணக்கில் எழுதவில்லை.

நான் எட்டு வருஷம் சபையில் பொருளாளராக இருந்தவன், அதனால் தெரிந்துதான் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கூடாரம் போட்டவருக்குக் கொடுத்தோம். சமையல்காரருக்கும் ஒயரிங் பார்த்தவருக்கும் கொடுத்தோம். வாடகைக்கு ஸ்பீக்கர் கொண்டுவந்தவருக்கு ஏற்றி இறக்கும் கூலியும் சேர்த்துக் கொடுத்தோம். அந்த ஸ்பீக்கரில் வாசித்தவருக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். அவரிடம் மட்டும் "இது ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம் தம்பி" என்றோம்.

ஊழியத்துக்குக் கூலி வாங்கினால் பக்தி போய்விடும் என்கிறார்கள். போதகருக்குச் சம்பளமும் வீடும் கொடுக்கிறோமே, அவருடைய ஜெபத்தை யாராவது சந்தேகப்படுகிறோமா? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் சரபோஜி மன்னரின் அரண்மனைக் கவிஞராக இருந்தவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் கண்ணீரோடு பாடுகிறோம். ஜெர்மனியில் பாக் என்ற இசைமேதை, லைப்சிக் நகரத் தேவாலயங்களுக்குச் சம்பளத்துக்கு இசையமைத்தவர். சவ அடக்கத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அந்த வரும்படி குறைந்துவிட்டது என்று 1730இல் நண்பருக்குக் கடிதமே எழுதினார். அதனால் அவர் இசையில் பக்தி குறைந்துவிட்டதா?

அப்புறம் வேதாகமம். நெகேமியா 13ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஆலயப் பணி செய்த லேவியருக்கும் பாடகருக்கும் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படவில்லை, அவர்கள் ஆலயத்தை விட்டுத் தங்கள் வெளிநிலங்களுக்கு ஓடிப்போனார்கள் என்று இருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்தும் எனக்கு உறைக்காத வரி அது. இந்தத் தம்பி வெளிக்காட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. ஆளுநராக இருந்த நெகேமியா பாடகர்களைத் திட்டவில்லை. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பிறகு பாடகர்களைத் திரும்பச் சேர்த்து அவரவர் நிலையில் நிறுத்தினார், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் வந்து சேர்ந்தது.

அம்மாவிடம் பேசினேன். முப்பது வருஷம் கோயிலைக் கூட்டிப் பெருக்கியவர், ஒரு காசு வாங்கியதில்லை. "எனக்குக் குடுத்தா வாங்கியிருக்க மாட்டேன். ஆனா ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கலாம்" என்றார். எனக்கு அதுதான் பெரிய பதில். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் எங்கள் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அவர்களே காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடட்டும். இல்லாதவன் சார்பில் நாமே வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

சின்ன சபைதான், பெரிய காணிக்கை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறுக்கு 50 வெள்ளி, பெட்ரோலுக்கு 10, வேலை நாளில் சாவு வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம். சாவு வீடு இல்லாத மாதம் 300 வெள்ளிக்குள் அடங்கும். போன வருஷம் பலிபீடத்துத் திரையை மாற்ற அதைவிட அதிகம் செலவழித்தோம். கவரில் ரகசியமாகக் கொடுக்க வேண்டாம், கணக்கில் எழுதியே கொடுக்கலாம்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு சபைக் கூட்டம். நான் இதை எழுந்து கேட்கப் போகிறேன். எங்கள் சபையார் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்.