மூன்று முறை முதலிடம், ஒரு முறையும் மேலேறாத அணி

ஜெர்மானியக் கால்பந்தின் நான்காம் அடுக்கில் சில நூறு பேர் முன்னிலையில் ஆடிக்கொண்டிருந்து, 2021இல் சத்தமில்லாமல் கலைக்கப்பட்ட ஓர் அணியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். வொல்ஃப்ஸ்பர்க் கழகத்தின் இரண்டாம் அணி அது, முதல் அணிக்காக இளைஞர்களை வளர்க்கும் அணி. அதைக் கலைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் எனக்கு அன்றைக்கும் ஏற்புடையதாக இல்லை, இன்றைக்கும் இல்லை.

முதலில் ஊரைப் பற்றிச் சில வரிகள். 1938இல் கார் ஆலைக்காகவே வரைபடம் போட்டு எழுப்பப்பட்ட ஊர் வொல்ஃப்ஸ்பர்க். இன்றைய பெயர் வைக்கப்பட்டதும் கால்பந்துக் கழகம் தொடங்கியதும் 1945இல். ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் பேர் வாழும் அந்த ஊரில் கால்வாய்க் கரையில் நிற்கும் ஆலையின் நான்கு புகைபோக்கிகள்தான் கோபுரம். 2007 முதல் கழகத்தின் தொழில்முறைக் கால்பந்துப் பிரிவு முழுவதும் அந்த ஆலையை நடத்தும் ஃபோக்ஸ்வேகனின் சொத்து. வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற ஜெர்மானிய விதியிலிருந்து இவர்களுக்கும், பேயர் மருந்து நிறுவனத்தின் லெவர்குசன் கழகத்துக்கும் விலக்கு உண்டு. ஆகவே மற்ற ஊர் ரசிகர்கள் இவர்களைப் ‘பிளாஸ்டிக் கிளப்’ என்று ஏசுவார்கள். முதல் அணியைப் பொறுத்தவரை அந்த ஏச்சில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. இரண்டாம் அணியை யாரும் ஏசியதில்லை. அதைக் கவனித்தவர்களே குறைவு.

வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் சில காலம் இருந்தபோது அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருக்கிறேன். 30,000 பேர் அமரும் பெரிய அரங்கத்துக்கு அருகிலேயே, 2015இல் திறக்கப்பட்ட சிறிய அரங்கம். பயிற்சியாளர் கத்துவது மட்டுமல்ல, பந்து காலில் படும் ‘தொப்’ என்ற ஓசைகூடக் கேட்கும். எனக்கு முன்வரிசையில் ஆலைச் சீருடையோடு வந்திருந்த ஒரு பெரியவர், பத்தொன்பது வயது பின்கள வீரன் ஒருவனை ஆட்டம் முழுவதும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தார். இடைவேளையில்தான் தெரிந்தது, அவன் அவருடைய மகன்.

இந்த அணி 2014, 2016, 2019 என மூன்று முறை நான்காம் அடுக்கின் வடக்குப் பிரிவான வடக்கு ரீகியோனல்லிகாவில் முதலிடம் பிடித்தது. ஒரு முறையும் மூன்றாம் அடுக்குக்கு ஏறவில்லை. 2012 முதல் ஜெர்மனியில் நான்காம் அடுக்கு ஐந்து பிரிவுகளாக நடக்கிறது. மேலே மூன்றே இடங்கள்தாம் இருந்தன. ஆண்டு முழுவதும் ஆடி முதலிடம் பிடித்தவனும் கடைசியில் இரண்டு ஆட்டங்கள் கொண்ட பிளே-ஆஃபில் தலையைக் கொடுக்க வேண்டும். 2014இல் குரோஸ்ஆஸ்பாக்குடன் நடந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து விழுந்தது ஒரே ஒரு கோல், அதுவும் எதிரணிக்கு. (சுமார் 8,000 பேர் வாழும் சிற்றூர் அது, ஊர் மக்கள் எல்லாரும் வந்தாலும் நிறையாத அரங்கம் வைத்திருக்கிறார்கள்!) 2016இல் சொந்த மண்ணில் 1-0 என்று ரேகன்ஸ்பர்கை வென்றுவிட்டு, அங்கே போய் 2-0 என்று தோற்றார்கள். 2019இல் விதி மாறி மூன்று பிரிவுகளின் முதலிட அணிகள் நேரடியாக ஏறின. வடக்குக்கும் பவேரியாவுக்கும் மட்டும் பிளே-ஆஃப். பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணியை 3-1 என்று வீழ்த்தியவர்கள், மியூனிக்கில் 4-1 என்று சரிந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த பயர்ன் அணி மூன்றாம் அடுக்கில் முதலிடம் பிடித்ததைப் பார்த்தால், வொல்ஃப்ஸ்பர்க் எவ்வளவு நெருங்கி வந்து தவறவிட்டது என்பது புரியும்.

இவ்வளவுக்கும் பிறகு, கலைக்கும்போது கழகத்தார் சொன்ன காரணம், நான்காம் அடுக்கின் தரம் முதல் அடுக்கான புண்டஸ்லிகாவுக்கு வெகு தொலைவில் இருக்கிறது, இளைஞர்களை வேறு கழகங்களுக்கு இரவல் அனுப்புவதே மேல் என்ற பொருளில் அமைந்திருந்தது. முற்றிலும் தவறான வாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அடுக்கிலேயே அவர்களை நிறுத்தி வைத்தது திறமைக் குறைவு மட்டும்தானா? வாசலைக் குறுக்கி வைத்த ஒரு விதிக்கும் அதில் பங்கு உண்டு. விதியின் குறையை அணியின் கணக்கில் எழுதி, கணக்கை முடித்துவிட்டார்கள்.

உமர் மர்முஷை எடுத்துக்கொள்வோம். 2017இல் எகிப்தின் வாடி டெக்லா கழகத்திலிருந்து பதினெட்டு வயதில் நேராக இந்த இரண்டாம் அணிக்கு வந்தவர். இன்று அவரை மான்செஸ்டர் சிட்டி வீரராக உலகம் அறியும். அவரை வளர்த்தது பின்னாளில் சான்க்ட் பாவ்லிக்கும் ஸ்டுட்கார்ட்டுக்கும் இரவல் போன காலம்தான் என்று சொல்பவர்கள் உண்டு, பாதி உண்மை. ஆனால் 2017இல், மொழியும் குளிரும் பழகாத, யாரும் பெயர் கேட்டிராத அந்தப் பையனை இரவல் வாங்க எந்தக் கழகம் முன்வந்திருக்கும்? இரவல் போகும் தகுதியை எங்கேயாவது ஆடித்தானே பெற வேண்டும்?

கார்களை விரட்டிச் சோதிப்பதற்காக ஊருக்கு வடக்கே ஏரா-லெசியனில் சுமார் 9 கிலோமீட்டர் நேர்ச்சாலையோடு சோதனைத் தடம் வைத்திருக்கும் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன். அதில் ஓடும் வண்டி அன்றே விற்பனைக்குப் போகவில்லை என்பதற்காகத் தடத்தை யாரும் மூடுவதில்லை.

2014 வரை புண்டஸ்லிகா கழகங்கள் இரண்டாம் அணி வைத்திருப்பது கட்டாயம்; கட்டாயம் நீங்கியதும் லெவர்குசனும் ஃப்ராங்க்ஃபர்ட்டும் உடனே கலைத்தன. எட்டு ஆண்டு கழித்து, 2022இல், ஃப்ராங்க்ஃபர்ட் மீண்டும் கீழிருந்து தொடங்கியது. கலைப்பது எளிது, மறுபடி ஏறுவதற்குத்தான் ஆண்டுகள் வேண்டும்.

கொரோனாவால் 2020-21 பருவம் இலையுதிர் காலத்திலேயே நின்று, பிறகு தொடரவே இல்லை. ஆகவே இந்த அணியின் கடைசி ஆட்டம், அதுதான் கடைசி என்று தெரியாமலே ஆடி முடிக்கப்பட்டது. வழியனுப்பக்கூட யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. எனக்கு முன்வரிசையில் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியவருக்கும்தான்.

அதே 2021இல் ஃபோக்ஸ்வேகன் தன் உணவகங்களில் ஒன்றே ஒன்றை இறைச்சியில்லா உணவகமாக மாற்ற, தானே தயாரித்து உதிரிப்பாக எண் கொடுத்து விற்கும் கறிவுர்ஸ்ட் சாசேஜ் அங்கே பட்டியலிலிருந்து விழுந்தது. நாடே பேசியது. ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர் தொழிலாளிக்குத் தெம்பு தரும் உணவாயிற்றே என்று பொதுவெளியில் குரல் கொடுத்தார். 2023இல் சாசேஜ் திரும்பி வந்தது. இரண்டாம் அணி வரவில்லை.