ஒரு ரயில், இரண்டு மொழிகள், பாதியாகப் பிரிந்த நூலகம்

பெல்ஜியம் போய்விட்டு வந்ததிலிருந்து எல்லோரும் சாக்லேட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த ரயிலைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது.

கடலோர ஓஸ்டெண்டில் கிளம்பி, நாட்டின் குறுக்கே ஓடி, ஜெர்மன் பேசும் ஓய்பென் ஊரில் முடிகிற ரயில் அது. கென்ட் வரை அறிவிப்பு டச்சில். பிரஸ்ஸல்ஸ் வந்ததும் பிரெஞ்சும் சேர்ந்துகொண்டது. லூவனில் மறுபடி டச்சு மட்டும். வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு என்று நாட்டைப் பிரிக்கும் மொழி எல்லையைத் தாண்டியதும் டச்சு நின்றுபோய் பிரெஞ்சு மட்டும். ஊர்ப் பெயர்கூட மாறுகிறது. லூவன் நடைமேடைப் பலகையில் ‘லோய்க்’ என்று பார்த்த ஊரும் நான் இறங்கிய ‘லியேஜ்’ நகரமும் ஒன்றுதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1830இல் நாடு பிறந்தபோது ஆட்சி, நீதிமன்றம், ராணுவம் எல்லாம் பிரெஞ்சில்தான் நடந்தன. மக்களில் பாதிக்கு மேல் டச்சு பேசியவர்கள். 1831இல் எழுதிய அரசியல் சட்டத்துக்கு அதிகாரபூர்வ டச்சு வடிவம் வந்தது 1967இல். 136 வருஷம்! சொந்த நாட்டின் சட்டத்தைச் சொந்த மொழியில் படிக்க அவ்வளவு காலம் காத்திருந்தவர்கள், மொழி எல்லையைச் சட்டமாகவே வரைந்துகொடு என்று கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்தக் கோடு வந்தது.

ஆனால் லூவன் பல்கலைக்கழக நூலகத்தின் முன்னால் நின்றபோது மனசு கனத்துவிட்டது. 1914இல் ஜெர்மன் படை அதை எரித்தது. அமெரிக்க மாணவர்களும் பள்ளிகளும் காசு சேர்த்துக் கொடுக்க, மறுபடி கட்டினார்கள். அவர்கள் பெயர்கள் இன்றும் சுவர்க் கற்களில் செதுக்கியபடி இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தேன். 1940இல் திரும்பவும் எரிந்தது, திரும்பவும் கட்டினார்கள். அப்புறம் 1968இல் மொழிப் போராட்டம் வெடித்து, அரசாங்கமே கவிழ்ந்து, பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பிரிவுக்காக எல்லைக்கு அந்தப் பக்கம் லூவன்-லா-நூவ் என்று ஒரு புது ஊரையே எழுப்பினார்கள். புத்தகங்களை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அலமாரி எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று பார்த்து! இரண்டு போர்களுக்குப் பிறகும் ஊர் கூடிச் சேர்த்த புத்தகங்கள் அவை.

சரி, பிரிந்தார்கள், ஆயுதம் எடுக்கவில்லை. 2010, 2011இல் 541 நாள் புது அரசு அமைக்க முடியாமல் இழுபறி. அப்போதும் ரயில் ஓடியது, பள்ளி திறந்தது. அந்தப் பொறுமையை நான் மனதார மதிக்கிறேன்.

என்னை வருத்தியது வேறு. பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் நடுவே எதிர் இருக்கையில் இரண்டு மாணவர்கள். பையன் டச்சு பேசும் கென்ட், பெண் பிரெஞ்சு பேசும் நமூர். ஒரே நாடு, ஒரே வயசு. பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். பள்ளியில் டச்சு படிக்கவில்லையா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “விருப்பப் பாடம்தான், நான் ஆங்கிலம் எடுத்தேன்” என்றாள். டச்சுப் பகுதியில் ஐந்தாம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு கட்டாயம். அந்தப் பையனும் படித்திருக்கிறான். “பேசிப் பழக ஆள் இல்லை, மறந்துபோச்சு” என்றான்.

தன் மொழிக்கு மரியாதை கேட்பது உரிமை. பக்கத்து வீட்டுக்காரர் மொழியைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பது அந்த உரிமையில் சேராது. பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதியான வலோனியாவின் பள்ளிகளில் டச்சை எப்போதோ கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. தலைநகரின் ஒவ்வொரு தெருப் பலகையிலும் இரண்டு மொழியும் இருந்தால் மட்டும் போதாது.

லூவனில் பையன் இறங்கினான். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, “தாக்” என்றாள். டச்சில் ‘போய் வா’. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.