அந்த 8ஆம் இடம் ஆய்வுக்கு மட்டும் கிடைத்ததல்ல

தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “ஆய்வில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உலகிலேயே 8ஆவது.” இது தவறு.

கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையின் 2025 பட்டியலில் அது 8ஆம் இடம் பெற்றது உண்மைதான். ஆனால் அது ஆய்வுக்கான தரவரிசை இல்லை. மொத்த மதிப்பெண்ணில் கல்வியாளர்களிடம் கேட்ட கருத்துக்கு 30 விழுக்காடு, முதலாளிகளின் கருத்துக்கு 15. ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதற்கு 20தான். ஆசிரியர்-மாணவர் விகிதம், வெளிநாட்டு மாணவர் பங்கு என மற்றவையும் சேர்கின்றன. இன்னோர் உலகத் தரவரிசையான டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலின் அளவுகோல் வேறு. அதன் 2025 பதிப்பில் இதே பல்கலைக்கழகம் 17ஆவது.

நம் பல்கலைக்கழகத்தின் பெருமை எனக்கும் பெருமைதான். அதற்காகவே சரியாகச் சொல்வோம். முனைவர் பட்டத்துக்கு யோசிக்கும் பிள்ளைகள் துறைவாரிப் பட்டியலையும், வழிகாட்டப்போகும் பேராசிரியரின் கட்டுரைகளையும் பார்க்கட்டும்.