காசாளர் கட்டிய சுவர்

(திருத்துறைப்பூண்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் ஒரு பாட்டியின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில், திருச்சியிலிருந்து வந்த திருச்சபைக் குழு ஒன்று அவருக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டிக்கொண்டிருப்பதாக அந்தக் குழு நம்புகிறது. மாலை நான்கு மணி. குழுவில் ஒருவரான ஓய்வுபெற்ற வங்கிக் காசாளரும் மேஸ்திரியும் டீ குடிக்கிறார்கள்.)

மேஸ்திரி: சார், இந்தக் கிழக்குச் சுவர் யார் கைவேலை?

காசாளர்: என்னுடையதுதான். காலையிலிருந்து நாற்பத்தேழு கல். எண்ணிக்கையில் எனக்குத் தப்பு வராது. முப்பத்திரண்டு வருஷம் நோட்டு எண்ணியவன்.

மேஸ்திரி: அது பார்த்தாலே தெரிகிறது. நோட்டுக் கட்டை அடுக்குவது போலவே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். கீழ்வரியில் ஒட்டு இருக்கும் இடத்தில் மேல்வரியில் முழுக்கல் உட்கார வேண்டும் சார். ஒட்டின்மேல் ஒட்டு வந்தால் சுவர் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டது போலப் பிளந்துகொள்ளும்.

(சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க மேஸ்திரி தூக்குக் குண்டை விடுகிறார். குண்டு ஆடி நிற்கிறது. நூலுக்கும் சுவரின் அடிப்பக்கத்துக்கும் நடுவே அவருடைய கட்டைவிரல் தாராளமாகப் போய்வருகிறது.)

காசாளர்: கொஞ்சம் குனிந்திருக்கிறது. அவ்வளவுதானே?

மேஸ்திரி: அதுவும் உங்களோடு ஜெபத்தில் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது.

காசாளர்: ஜெபத்தைக் கிண்டல் செய்யாதீர்கள் மேஸ்திரி.

மேஸ்திரி: கிண்டல் இல்லை சார். காலையில் கலவையைப் போட்டு வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் ஜெபம் என்றீர்கள். நாட்டுக்கு, ஊருக்கு, புதுக்கோட்டையில் யாரோ ஒருவரின் மூட்டுவலிக்கு என்று முக்கால் மணி நேரம் போனது. நீங்கள் கண்ணைத் திறப்பதற்குள் வெயிலில் கலவை கண்ணை மூடிவிட்டது.

காசாளர்: அது என் மைத்துனரின் மூட்டுவலி.

மேஸ்திரி: நன்றாக ஆகட்டும். கல்லையாவது நனைத்தீர்களா?

காசாளர்: தண்ணீர் தெளித்தேனே!

மேஸ்திரி: தெளித்தால் போதாது. தண்ணீர்த் தொட்டியில் முழுக்கிவைக்க வேண்டும். முழுக்கியதும் கல்லிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும். காதை வைத்தால் சொய்யென்று சத்தம்கூடக் கேட்கும். குமிழ் நின்ற பிறகுதான் கல் தண்ணீர் குடித்து முடித்தது என்று கணக்கு. காய்ந்த கல்லை வைத்தால், அது கலவையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். பிறகு கலவை எப்படிப் பிடிக்கும்?

காசாளர்: (டம்ளரைக் கீழே வைத்து) மேஸ்திரி, ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்ற சண்டையில் எங்கள் தெருவில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நாங்கள் தெளிப்புக்காரர்கள்.

மேஸ்திரி: மனிதருக்கு எப்படியோ, கல்லுக்கு முழுக்குத்தான்.

காசாளர்: அப்படியானால் நான் ஒன்று கேட்கிறேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி அடியில் மணலைக் கொட்டியிருக்கிறீர்களே, அது சரியா? மணலில் வீடு கட்டியவன் புத்தியில்லாதவன், கன்மலைமேல் கட்டியவன் புத்தியுள்ளவன் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரி: அவருக்கு எந்த ஊர்?

காசாளர்: நாசரேத்து. கலிலேயாவில் மலைப்பாங்கான ஊர்.

மேஸ்திரி: தச்சு வேலை தெரிந்தவர், ஊர் மண்ணைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். இங்கே கன்மலைக்கு நான் எங்கே போக? தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழனே வெளியூரிலிருந்துதான் கல்லைக் கொண்டுவந்தார். இது களிமண் சார். ஐப்பசி மழையில் ஊறி உப்பிக்கொள்ளும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் நேரே சுவரை வைத்தால் சுவரும் கூடவே வெடிக்கும். அதனால்தான் மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்குகிறோம். அவர் காவிரிக்கரையில் பிறந்திருந்தால் அந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

(காசாளர் பதில் தேடுகிறார். வேதத்தில் கிடைக்காததால் அமெரிக்காவுக்குப் போகிறார்.)

காசாளர்: ஜிம்மி கார்ட்டர் தெரியுமா? அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர். 1984 முதல் ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற அமைப்போடு சேர்ந்து, சுத்தியலும் கையுமாக ஏழைகளுக்கு வீடு கட்டினார். தொண்ணூறு வயது தாண்டியும் விடவில்லை.

மேஸ்திரி: அரசியலுக்கு முன்னால் என்ன தொழில்?

காசாளர்: நிலக்கடலை விவசாயம்.

மேஸ்திரி: அப்படிச் சொல்லுங்கள். எங்கே, உங்கள் கையைக் காட்டுங்கள்.

(உள்ளங்கையில் மூன்று கொப்புளங்கள். ஒன்று உடைந்து, அதன் ஓரத்தில் சிமெண்டு வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது.)

மேஸ்திரி: முதலில் கழுவுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பாட்டியிடம் இருக்கும்.

காசாளர்: பாவம், அவருக்கு உதவத்தான் வந்தோம்.

மேஸ்திரி: பதினாறு பேருக்கு மீன்குழம்பு வைத்தார், தண்ணீர் சுமந்தார், உங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார், நடுநடுவே எனக்குக் கல்லும் எடுத்துக் கொடுத்தார். இன்னும் இரண்டு நாள் நீங்கள் இருந்தால் பாட்டி படுத்துவிடுவார்.

காசாளர்: (சிறிது நேரம் கழித்து) என் சுவரை என்ன செய்வீர்கள்?

மேஸ்திரி: நீங்கள் பஸ் ஏறியதும் பிரித்துவிடலாம் என்று இருந்தேன்.

காசாளர்: பஸ் ஆறு மணிக்குத்தான். இப்போதே பிரியுங்கள். கல்லில் ஒட்டிய கலவையை நானே சுரண்டித் தருகிறேன். நாற்பத்தேழும் இருக்கிறதா என்று எண்ணியும் விடலாம்.

மேஸ்திரி: (கரண்டியை எடுத்துக்கொண்டு) நாளைக்கு வேறு ஒரு சபையார் வருகிறார்களாம்.

காசாளர்: தெளிப்பா, முழுக்கா?

மேஸ்திரி: முழுக்கு என்றுதான் சொன்னார்கள்.

காசாளர்: (பெருமூச்சு விட்டு) கல்லாவது நனையும்.