கொடைக்கானல் ஏரி அடியில்லாத எரிமலைப் பள்ளம் அல்ல

கொடைக்கானல் ஏரி எரிமலை வாயில் உருவானது என்றும், அதற்கு அடியே கிடையாது என்பதால் படகு கவிழ்ந்தால் லைஃப் ஜாக்கெட்டும் காப்பாற்றாது என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. நட்சத்திர வடிவிலான இந்த ஏரி, மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் 1863இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கி உருவாக்கப்பட்டது. பரப்பு சுமார் 60 ஏக்கர்; மிக ஆழமான இடத்திலும் ஏறக்குறைய 11 மீட்டர்தான். ஏரியின் வரலாற்றைத் தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

எரிமலைக் கதையைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம், லைஃப் ஜாக்கெட் பற்றிய வரியை அப்படி விட முடியாது. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் அந்த ஊரின் குளிர்ந்த நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சு திணறும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் சிறிது நேரத்தில் கைகால்கள் சோர்ந்துவிடக்கூடும் என்பதால், முகத்தை நீருக்கு மேலே நிறுத்த லைஃப் ஜாக்கெட்டே உதவும். மிதிபடகில் ஏறியதும் புகைப்படத்துக்காகப் பட்டையைத் தளர்த்துவோரைக் கரையில் நின்றாலே காணலாம். தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுக்கும்போது ஜாக்கெட் முகவாய் வரை ஏறினால், அது தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து வேறு எவருக்கும் அனுப்ப வேண்டாம்.