ஸ்பேசருக்குப் பழைய போல்ட்டே போதுமா?

"15 மி.மீ. ஸ்பேசர் போடுங்கள், பழைய போல்ட்டே போதும், டயரின் பிடிமானமும் கூடும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. ஸ்பேசர் என்பது கார்ச் சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் (அச்சின் முனையில் சுழலும் பாகம்) நடுவே வைக்கும் தகடு. இரண்டுமே தவறு.

முதலில் போல்ட். பல ஜெர்மன் கார்களில் இருப்பது எம்14, 1.5 மரை; அதாவது போல்ட்டின் விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. உள்ளே போகும். நடுவில் 15 மி.மீ. தகடு வந்தால் பத்துச் சுற்றுப் பிடிப்பு போயிற்று! சாதாரணமாக ஹப்புக்குள் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்புறம் சக்கரம் எதை நம்பி நிற்கும்? ஸ்பேசரின் தடிமன் எவ்வளவோ, போல்ட்டும் அவ்வளவு நீளம் கூட வேண்டும். போர்ஷே தன் 911 வகைகள் சிலவற்றுக்கு ஸ்பேசர் தந்தபோது நீள போல்ட்டையும் சேர்த்தே தந்தது.

பிடிமானமா? டயர் அதே டயர்தான். சாலையைத் தொடும் அகலம் ஒரு மி.மீ. கூட மாறாது. சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரத்தை மி.மீ.யில் சொல்லும் ஆஃப்செட் எண் ET45 இலிருந்து ET30 ஆகும், வளைவில் எடை சாய்வது கொஞ்சம் குறையும். சரி, அது லாபம்தான். ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் இறங்கும்போது டயர் அதற்கு மேலுள்ள ஃபெண்டரில் உரசலாம். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) போல்ட்டின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.